1965 ஜூலியா ஸ்ப்ரின்ட் ஜிடி: விற்பவர் ‘எஃப்ஐஏ எலிஜிபிள்’ என்கிறார், அட்வான்ஸ் கொடுக்கும் முன் எதையெல்லாம் பார்க்கணும்?

ஐந்தாம்கியர்:

வணக்கம். இத்தாலியப் பதிவில் இருக்கும் 1965 ஆல்ஃபா ரோமியோ ஜூலியா ஸ்ப்ரின்ட் ஜிடி ஒன்று விலைக்கு வந்திருக்கு. பானெட் நுனியில் படி விழும் அந்த ‘ஸ்கலீனோ’ பாடி. 1966-க்கு முந்தைய டூரிங் கார் பந்தயங்களில் ஓட்டத்தான் கார் தேடுறேன், ஷோவில் நிறுத்தி வைக்க இல்லை.

விற்பவர் சொல்வது: “எஃப்ஐஏ எலிஜிபிள். மில்லே மில்யாவுக்கும் போகலாம்.” (எஃப்ஐஏ என்பது சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பு, மில்லே மில்யா இத்தாலியின் பழைய கார் நிகழ்ச்சி.) அவரிடம் இருக்கும் தாள்கள் மூன்று: ஏஎஸ்ஐ (இத்தாலியப் பழைய வாகனச் சங்கம்) கொடுத்த சிஆர்எஸ் சான்று, ஒரு ஃபிவா (உலகப் பழைய வாகன அமைப்பு) அடையாள அட்டை, 2013-இல் வாங்கிய எச்டிபி (பழைய பந்தயக் காருக்கு எஃப்ஐஏ முறைப்படி தரும் தொழில்நுட்பப் பாஸ்போர்ட்).

போட்டோவில் தெரிந்தவை: என்ஜின் எண் ஏஆர் 00512 என்று தொடங்குது. வெபர் 45 கார்புரேட்டர் இரண்டு. 14 அங்குல அலாய் வீல், அகலம் 6 அங்குலமாம். முன் பிரேக் கேலிப்பரில் ஏடிஇ (பிரேக் நிறுவனம்) என்று எழுத்து. பானெட்டும் டிக்கி மூடியும் ஃபைபர். எலெக்ட்ரானிக் இக்னிஷன். எல்எஸ்டி (ஒரு பின் சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல்) போட்டிருக்கு என்கிறார். ரோல் கேஜ், பக்கெட் சீட் இருக்கு.

காரை நேரில் பார்க்க ஒரு நாள் கிடைக்கும். என்ஜினைப் பிரிக்க விடமாட்டார். எதை அளக்கணும், எந்தத் தாளைக் கேட்கணும், எது பெரிய செலவு, எது சின்ன வேலை என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

---

வெர்னியர்:

‘எலிஜிபிள்’ என்ற சொல்லை முதலில் ஓரமாக வையுங்கள். எந்தப் பந்தயம், எந்தப் பீரியட், எந்த ஹோமோலொகேஷன் படிவம் (ஒரு மாடலையும் அதன் பாகங்களையும் பந்தயத்துக்கு அனுமதித்துப் பதிந்த தாள்), இந்த மூன்றும் தெரியாமல் அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை.

சர்வதேசப் பழைய கார் பந்தயங்களுக்கான தொழில்நுட்ப விதி எஃப்ஐஏவின் அப்பெண்டிக்ஸ் கே. அதில் 1947 முதல் 1961 வரை பீரியட் இ, 1962 முதல் 1965 வரை பீரியட் எஃப், 1966 முதல் 1969 வரை ஜி1, 1970–71 ஜி2. நீங்கள் சொல்லும் கிரிட்டுக்கு (பந்தய வரிசைக்கு) பீரியட் எஃப் வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்: காரின் பீரியடை முடிவு செய்வது அது தயாரான வருடம் அல்ல, அதில் இப்போது பூட்டியிருக்கும் ஸ்பெசிஃபிகேஷனின் தேதி. 1965-இல் பிறந்த காரில் 1967-இல் அனுமதி பெற்ற பாகம் ஒன்று இருந்தால் அந்தக் கார் ஜி1-க்குப் போய்விடும். எந்தப் படிவத்திலும் இல்லாத பாகம் இருந்தால் எங்கேயும் போகாது.

அதனால் காரைப் பார்க்கப் போகும் முன்பே ஸ்ப்ரின்ட் ஜிடியின் ஹோமோலொகேஷன் படிவத்தை வாங்கி விடுங்கள். எஃப்ஐஏவின் வரலாற்றுத் தரவுத்தளத்தில் பழைய படிவங்கள் கிடைக்கின்றன. முதல் பக்கங்கள் மட்டும் போதாது, பின்னால் சேர்த்த நீட்டிப்புத் தாள்கள் அத்தனையும் வேண்டும். ஒவ்வொரு நீட்டிப்பிலும் அது அமலுக்கு வந்த தேதி இருக்கும். 31.12.1965-க்குப் பிறகு தேதியிட்ட தாளை எடுத்துத் தனியே வையுங்கள், அது உங்களுக்குப் பயன்படாது. கார் டூரிங் வகையிலா ஜிடி வகையிலா பதிவானது என்பதையும் படிவத்திலேயே பாருங்கள். பெயரில் ஜிடி இருப்பதை நம்பி முடிவு செய்ய வேண்டாம்.

இனி உங்கள் பட்டியல்.

என்ஜின்தான் பெரிய ஓட்டை. 00512 என்பது 2000 ஜிடிவி என்ஜின்: போர் (சிலிண்டர் விட்டம்) 84 × ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 88.5 மி.மீ., 1962 சிசி. ஸ்ப்ரின்ட் ஜிடிக்கு உரியது 00502: 78 × 82 மி.மீ., 1570 சிசி. 2000 என்ஜின் பீரியட் எஃப்-இல் கிடையவே கிடையாது. “அப்படியானால் ஜி2-வில் 2000 ஜிடிவி என்று ஓட்டலாமே” என்று அடுத்து சொல்வார்கள். அந்த மாடலின் முகப்பில் படி இல்லை. ஸ்கலீனோ பாடியும் 2000 என்ஜினும் சேர்ந்த கலவைக்கு எந்தப் படிவமும் இல்லை. ரோட்டில் ஓட்ட அருமையான கார், பந்தயத்தில் அநாதை.

கார்புரேட்டர்: ஸ்ப்ரின்ட் ஜிடிக்கு வெபர் 40 டிசிஓஇ. 45 வந்தது ஜிடிஏவுக்கு (இதே காரின் எடை குறைந்த பந்தய வடிவம்). ஜிடிஏ 1965-இலேயே ஹோமோலொகேஷன் பெற்றுவிட்டது உண்மைதான், ஆனால் அது தனி மாடல். அலுமினியப் பாடி, சிலிண்டருக்கு இரண்டு பிளக், எல்லாம் சேர்ந்த ஒரு கூட்டு. ஜிடிஏ படிவத்திலிருந்து ஒரு கார்புரேட்டரை மட்டும் உருவி ஸ்டீல் காரில் வைக்க முடியாது. ஸ்ப்ரின்ட் ஜிடியின் சொந்த நீட்டிப்பில் 45 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 40 வாங்க வேண்டியதுதான்.

பிரேக்: முதலில் வந்த ஸ்ப்ரின்ட் ஜிடிகளில் நாலு சக்கரத்துக்கும் டன்லப் டிஸ்க். ஏடிஇ பின்னால் வந்த மாற்றம். ஆகவே நீட்டிப்பின் தேதிதான் பேசும். எல்எஸ்டி, கியர் விகிதம், வீல் அகலம் எல்லாவற்றுக்கும் இதே சோதனை. ஃபைபர் பானெட்டைக் கழற்றி ஸ்டீல் போடுங்கள், அதில் விவாதமே வேண்டாம். இக்னிஷனைப் பாயிண்ட் டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாற்றுவது ஒரு மாலை நேர வேலை.

---

லிப்ரெட்டோ:

என்ஜினை வெர்னியர் பார்த்துவிட்டார். நான் தாள்களுக்கு வருகிறேன்.

சிஆர்எஸ் என்பது இத்தாலியச் சாலைச் சட்டத்தின்படி ‘இது வரலாற்று மதிப்புள்ள வாகனம்’ என்று சொல்லும் சான்று. ஏஎஸ்ஐ, ஆர்ஐஏஆர் (ஆல்ஃபா ரோமியோ பதிவேடு) போன்ற அங்கீகாரம் பெற்ற பதிவேடுகள் கொடுக்கும். சாலை வரி, பரிசோதனை விஷயங்களுக்கு உதவும். பந்தயத் தொழில்நுட்பப் பரிசோதனையில் அந்தத் தாளை யாரும் திருப்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

ஃபிவா அட்டை வேகப்போட்டி அல்லாத நிகழ்ச்சிகளுக்கானது: ரெகுலாரிட்டி (குறித்த நேரத்துக்கு ஓட்டுவது), டூர் போன்றவை. இருந்தாலும் அதை வாங்கிப் படியுங்கள். காரை எந்த வகையில் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு எழுத்து இருக்கும். ஏ என்றால் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி, பி என்றால் அந்தக் காலத்திலேயே மாற்றியது. 2000 என்ஜினோடு நிற்கும் காருக்கு ஏ என்று போட்டிருந்தால், அட்டை கொடுத்தபோது உள்ளே வேறு என்ஜின் இருந்திருக்கிறது, அல்லது பார்த்தவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. இரண்டில் எது என்று கேளுங்கள்.

எச்டிபிதான் முக்கியமான தாள். அது பத்து ஆண்டுக்கு மேல் செல்லாது, ஆக 2013-இல் வாங்கியது எப்போதோ முடிந்தது. புதிதாக விண்ணப்பித்தால் இன்றைய அப்பெண்டிக்ஸ் கே-படி முதலிலிருந்து பார்ப்பார்கள். “ஏற்கெனவே ஒரு முறை கொடுத்துவிட்டார்களே” என்ற வாதம் எடுபடாது. ஆனாலும் காலாவதியான எச்டிபி உங்களுக்குத் தங்கம். 2013-இல் இந்தக் காரில் என்ன போர், என்ன ஸ்ட்ரோக், எந்தக் கார்புரேட்டர், எந்தப் பிரேக், எந்த டிஃபரென்ஷியல் இருந்தது என்று வரிசையாக எழுதி, போட்டோவும் ஒட்டியிருப்பார்கள். முழுப் பக்கங்களையும் கேளுங்கள். முதல் பக்கத்தை மட்டும் போனில் படமெடுத்து அனுப்பினால் மீதியில் ஏதோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எச்டிபி காரின் ஸ்பெசிஃபிகேஷனுக்கான தாள். ‘இது அசல் கார்’ என்பதற்கோ அதன் பந்தய வரலாற்றுக்கோ அது சாட்சி இல்லை. அந்தக் கேள்விக்கு வேறு இரண்டு இடம் உண்டு. ஒன்று, பிஆர்ஏவிலிருந்து (இத்தாலிய வாகனப் பதிவகம்) காலவரிசைச் சாறு. இத்தாலியில் ‘எஸ்ட்ராத்தோ குரோனோலோஜிகோ’ என்று கேட்கணும். முதல் பதிவிலிருந்து உரிமையாளர்கள் வரிசையாக வருவார்கள். இரண்டு, அரேசேயில் இருக்கும் ஆல்ஃபா ரோமியோ ஆவணக் காப்பகம். சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் எந்த மாடலாக, எப்போது தயாரானது, முதல் நிறம் என்ன என்று எழுதித் தருவார்கள்.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், படி வைத்த மூக்கு மட்டுமே இது 1600 ஸ்ப்ரின்ட் ஜிடி என்பதற்குச் சாட்சி ஆகாது. ஜிடி 1300 ஜூனியரும் 1970 வரை அதே மூக்கோடுதான் வந்தது. ஸ்ப்ரின்ட் ஜிடியின் வகை எண் 105.02, ஜூனியருடையது 105.30. ஃபயர்வாலில் அச்சடித்த சேசிஸ் எண், ரிவெட் அடித்த தகடு, லிப்ரெட்டோவில் (இத்தாலிய வாகனப் பதிவுப் புத்தகம்) எழுதிய வகை எண், இந்த மூன்றும் ஒத்துப்போகணும். அச்சைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். தகடு அங்கே தடித்திருந்தாலும், பின்பக்கம் வெல்டிங் வரி தெரிந்தாலும், எழுத்துகள் ஒரே ஆழத்தில் இல்லாவிட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மற்ற எல்லாச் சிக்கலுக்கும் பணத்தால் மருந்துண்டு, இதற்கு இல்லை.

மில்லே மில்யா விஷயம் ஒரே வரி: அசல் பந்தயம் 1927 முதல் 1957 வரை நடந்தது, இன்றைய நிகழ்ச்சி அந்தக் காலத்தில் கலந்துகொண்ட மாடல்களுக்கானது. 1963-இல் அறிமுகமான கார் அதில் எப்படிப் போகும்? ஜூலியாவையும் ஜூலியெட்டாவையும் குழப்பிக்கொண்டாரோ என்னவோ. இதைத் தெரியாமல் சொன்னவர் மற்றதையும் தெரியாமல் சொல்லியிருக்க வாய்ப்பு அதிகம்.

---

பாயிண்ட்செட்:

இவ்வளவு தலைவலி எதுக்கு? பல அமைப்பாளர்கள் கிரிட் நிறையலைன்னா அழைப்பு வகுப்பில் விடுறாங்க. மெயில் போட்டுக் கேளுங்க, 2000 என்ஜினோடயே ஓட்டலாம்.

---

வெர்னியர்:

ஓட்டலாம், கடைசி வரிசையில், புள்ளியும் கோப்பையும் இல்லாமல், அந்த வருடம் இடம் காலியாக இருந்தால். எச்டிபி கட்டாயம் என்று போட்டிருக்கும் பெரிய நிகழ்ச்சிகளில் அசல் எச்டிபியை மேஜையில் வைக்காமல் ஸ்க்ரூட்டினியே (பந்தயத்துக்கு முன் நடக்கும் கார் பரிசோதனை) தொடங்காது. அழைப்பை நம்பிக் கார் வாங்கினால், அடுத்த ஆளுக்கு விற்கும்போது அவரும் இதே கேள்வியைத்தான் இங்கே வந்து கேட்பார்.

---

லேத்துப்பட்டறை:

ஒரு நாள், பிரிக்கக் கூடாது. சரி, பிரிக்காமலே நிறைய கண்டுபிடிக்கலாம்ங்க. எடுத்துட்டுப் போக வேண்டியது: வெர்னியர் (நுண் அளவுகோல்), 5 மீட்டர் டேப், மெல்லிய துணி சுத்தின காந்தம், டார்ச், சாக்பீஸ், பிளக் ஸ்பேனர், 30 செ.மீ. நீளத்துக்கு அலுமினியக் கம்பி (5 மி.மீ. கனம் போதும்), மார்க்கர் பேனா.

ஸ்ட்ரோக் முதல்ல. பிளாக்கில் அடிச்ச எண்ணை நம்பி எந்த முடிவுக்கும் வராதீங்க, ரெண்டு பக்கமும் பொய் சொல்லும். 00502 பிளாக்குக்குள்ள வேற கிராங்க் இருக்கலாம், 00512-ன்னு யாராவது பின்னாடி அடிச்சிருக்கலாம். நாலு பிளக்கையும் கழற்றுங்க. கழற்றும் முன்னாடி பிளக் குழியில் காற்று அடிச்சுச் சுத்தம் பண்ணணும், இல்லைன்னா மணல் உள்ளே விழும். டிஸ்ட்ரிபியூட்டர் கம்பியை எடுத்துடுங்க. நாலாவது கியர் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விட்டு, ஒருத்தர் காரை மெதுவா தள்ளணும், நீங்க முதல் சிலிண்டர் பிளக் துளையில் கம்பியை விட்டு விரலால் லேசா தாங்கிப் பிடிக்கணும். பிஸ்டன் மேலே வந்து நின்ன இடத்தில், கேம் கவர் விளிம்புக்கு நேரா கம்பியில் ஒரு கோடு. அடியில் நின்ன இடத்தில் இன்னொரு கோடு. ரெண்டுக்கும் நடுவில் வெர்னியர் வைங்க. துளை கொஞ்சம் சாய்வா இருந்தாலும் பிழை ஒரு மி.மீ.க்குள்ளதான் வரும். 82-க்கும் 88.5-க்கும் 6.5 மி.மீ. வித்தியாசம், தப்பவே முடியாது. மரக்குச்சி வேண்டாம், முறிஞ்சு உள்ளே விழுந்தா என்ஜின் தலையைக் கழற்றணும். இரும்புக் கம்பியும் வேண்டாம், பிஸ்டன் தலையைக் கீறும். காரைத் தள்ளுறவர் வேகமாத் தள்ளினா கம்பி சாய்ஞ்சு மாட்டிக்கும், அதனால விரல் விரலா நகர்த்தச் சொல்லுங்க.

போரை இப்படி அளக்க முடியாது. அதுக்குத் தலையைக் கழற்றியே ஆகணும்.

டிஃபரென்ஷியல்: பின் சக்கரம் ரெண்டையும் தூக்கி ஸ்டாண்டில் வைங்க, ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீங்க. கியரைப் போட்டு விடுங்க. ஒரு சக்கரத்தைக் கையால் சுத்தினா மற்றது லேசா எதிர்ப்பக்கம் சுத்தினா சாதா டிஃபரென்ஷியல். முரண்டு பிடிச்சா எல்எஸ்டி. விகிதம் பார்க்க நியூட்ரலுக்கு வந்து, புரொப்பெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போடுங்க. எல்எஸ்டின்னா ரெண்டு சக்கரமும் சேர்ந்து சுத்தும். சக்கரம் ஒரு முழுச் சுத்து வரும்போது ஷாஃப்ட் நாலரைக்குக் கொஞ்சம் மேலே வந்தா 9/41, அதாவது 4.56, ஸ்ப்ரின்ட் ஜிடியோடது. சரியா நாலு சுத்தும் கொஞ்சமும்னா 10/41, 4.1, அது 2000-இல் வந்தது. சாதா டிஃபரென்ஷியலா இருந்தா ஒரு சக்கரத்தைத் தரையில் வச்சு, தூக்கின சக்கரத்தை ரெண்டு சுத்து சுத்தி எண்ணுங்க, அதே கணக்கு வரும். என் சந்தேகம்: என்ஜினோடு பின் ஆக்ஸிலும் 2000-இலிருந்து அப்படியே வந்திருக்கும். அந்தக் காரில் 25 சதவீத எல்எஸ்டி தொழிற்சாலையிலேயே உண்டு. “ரேசிங் எல்எஸ்டி”-ன்னு அவர் பெருமையா சொல்றது அதுதானோ?

பிரேக்: கேலிப்பர் எழுத்தோடு நிக்காம பின்பக்க ஹேண்ட்பிரேக்கையும் பாருங்க. ஏடிஇ-ன்னா டிஸ்க்குக்கு நடுவில் சின்ன டிரம், உள்ளே ஷூ. டன்லப்னா டிஸ்க்கையே கவ்வும் தனிச் சின்னக் கேலிப்பர். முன்னாடி ஒன்று பின்னாடி ஒன்றுன்னு கலந்து போட்ட கார்களும் உண்டு.

வீல்பேஸ் ரெண்டு பக்கமும் அளங்க: 2350 மி.மீ. இடதும் வலதும் கணிசமா மாறினா கார் எங்கேயோ மோதி நிமிர்த்தினது. காந்தத்தை வீல் ஆர்ச் ஓரம், சில் பலகை (கதவுக்கு அடிப் பகுதி), முன் கிராஸ்மெம்பர் பக்கம் ஓட்டுங்க. சட்டுன்னு ஒட்டாம வழுக்கினா கீழே பட்டி (பெயின்ட்டுக்கு அடியில் பூசின நிரப்பு). இது எலிஜிபிலிட்டிக்கு இல்ல, ஆனா ரோல் கேஜ் கால் பதியுற இடத்தில் துரு இருந்தா ஸ்க்ரூட்டினியில் அடிவாங்கும்.

கார்புரேட்டர் வாய்க்குள்ள வெர்னியர் விட்டு த்ராட்டில் பிளேட் பக்கம் அளங்க, மேலே இருக்கும் எழுத்தைப் படிச்சிட்டு வராதீங்க.

---

ஐந்தாம்கியர்:

எல்லோருக்கும் நன்றி. போய்ப் பார்த்தாச்சு. முடிவுகள்:

கம்பி 88 காட்டியது, மூன்று முறை அளந்தும் அதேதான். ஆக 2000 கிராங்க். ஷாஃப்ட் நாலு சுத்துக்குச் சற்று மேலே, எல்எஸ்டி. ஏடிஇ முன்னும் பின்னும், டிஸ்க் நடுவில் டிரம். வீல்பேஸ் இரண்டு பக்கமும் 2350, 2 மி.மீ. வித்தியாசம். தகடு, லிப்ரெட்டோ இரண்டிலும் 105.02, அச்சு எண்ணும் அவற்றோடு ஒத்துப்போகுது, சுத்தமா இருக்கு. பட்டி கொஞ்சம் உண்டு, சில்லில் இல்லை.

2013 எச்டிபியின் முழுப் பக்கங்கள் கேட்டதும் கொடுத்துட்டார். அதில் 78 × 82, வெபர் 40, டன்லப் பிரேக், 15 அங்குல வீல், பானெட் ஸ்டீல். அதாவது அப்போது சரியான கார். அந்த 1600 என்ஜின் பெட்டியில் இருக்காம், பிரித்த நிலையில். டன்லப் பிரேக் என்ன ஆச்சுன்னு தெரியலையாம். பெட்டியைக் காட்டத் தயார். அதில் என்ன பார்க்கணும்?

---

லேத்துப்பட்டறை:

பிரிச்ச என்ஜின்னா உங்களுக்கு லாபம், எல்லாத்தையும் நேரா அளக்கலாம்.

முதல்ல பிளாக் எண். 00502 இருந்தா நல்லது. 00526-னா ஜூலியா சூப்பர், 00536-னா ஸ்ப்ரின்ட் ஜிடி வெலோசே. ரெண்டுக்கும் போரும் ஸ்ட்ரோக்கும் இதேதான். ஆனா எச்டிபி போட்டோவில் இருக்கும் பிளாக்தானா இதுன்னு ஒப்பிட்டுப் பாருங்க.

இது அலுமினிய பிளாக், உள்ளே வார்ப்பிரும்பு ஈர லைனர் (வெளிப்பக்கம் தண்ணீர் படுற சிலிண்டர் குழாய்). அதனால போரைத் தீர்மானிக்கிறது பிளாக் இல்லை, லைனரும் பிஸ்டனும். இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. சந்தையில் ‘பெரிய போர்’ செட் தாராளமா கிடைக்கும். 1600 வகுப்புக்குள்ள இருக்கணும்னா கணக்கு பாருங்க: 82 ஸ்ட்ரோக்கில் 78 போர் 1567 சிசி (கேட்டலாக்கில் 1570-ன்னு போட்டிருப்பாங்க). 78.8 வச்சா 1599.6. 79 வச்சா 1608, வகுப்பு தாண்டிடுச்சு. ஒரு மி.மீ. கூட இடம் இல்லை. வகுப்புக்குள்ள இருக்குங்கிறதால பெரிசாக்கலாம்னு அர்த்தமும் இல்லை, எவ்வளவு வரை அனுமதின்னு விதியில் படிச்சுட்டு அப்புறம் பிஸ்டன் வாங்குங்க. லைனரை மேலே, நடுவில், கீழே மூணு இடத்தில், குறுக்கும் நெடுக்குமா அளங்க. அப்படியே லைனர் அடிப் பக்கம் தண்ணீர் படுற இடத்தில் குழி குழியா அரிச்சிருக்கான்னு பாருங்க. பிளாக்கில் லைனர் உட்காரும் விளிம்பையும் பாருங்க, அங்கே அரிச்சிருந்தா லைனர் மேல்மட்டம் சமமா நிக்காது, ஹெட் கேஸ்கெட் மறுபடி மறுபடி போகும்.

கிராங்க்: மெயின் ஜர்னல் மையத்திலிருந்து ராட் ஜர்னல் மையம் வரை தூரம் 41 மி.மீ. வரணும், ஸ்ட்ரோக்கில் பாதி. 44.25 வந்தா அது 1750 அல்லது 2000 கிராங்க்.

ஹெட்: வால்வுத் தலையை அளங்க. 1600-க்கு இன்லெட் 41, எக்ஸாஸ்ட் 37. 44-ம் 40-ம் வந்தா 2000 ஹெட்டைக் கொண்டு வந்து வச்சிருக்காங்க, அதோட எச்டிபி கிடைக்காது. எக்ஸாஸ்ட் வால்வு உள்ளே சோடியம் நிரப்பினது, பழசுன்னு அறுத்துப் பார்க்கவோ கிரைண்டரில் காட்டவோ வேண்டாம், தண்ணீர் பட்டா வெடிக்கும். கேம்ஷாஃப்ட் லிஃப்டையும் படிவத்தோடு ஒப்பிடணும்: மடல் உச்சியில் ஒரு அளவு, அடி வட்டத்தில் ஒரு அளவு, கழிச்சா லிஃப்ட். பெட்டிக்குள்ள ரெண்டு ஜோடி கேம் கிடந்தா ரெண்டையும் அளந்து எழுதி வைங்க.

---

வெர்னியர்:

நல்ல செய்தி: காரின் அடையாளம் சுத்தம், 2013-இல் சரியான ஸ்பெசிஃபிகேஷனில் இருந்தது. பிறகு யாரோ ரோட்டுக்காக 2000-இன் பாதியை இதில் இறக்கியிருக்கிறார்கள். திரும்பக் கொண்டுவரக்கூடிய கார்தான். ஆனால் ‘எஃப்ஐஏ எலிஜிபிள்’ விலை இல்லை. ‘எலிஜிபிள் ஆக்க முடிந்த கார்’ விலை. இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒரு முழு என்ஜின் வேலை, நாலு சக்கர டன்லப் பிரேக், ஆக்ஸில், வீல், பானெட், டிக்கி மூடி. இதில் தேடி அலைய வைப்பது டன்லப் பிரேக். எனவே பெட்டி என்ஜின் விலைக்குள் சேர வேண்டும், எழுத்தில். டன்லப் பாகங்கள் கிடைத்தால் அவையும்.

பாகம் எதையும் வாங்கும் முன் உங்கள் ஏஎஸ்என்னின் (நாட்டின் மோட்டார் பந்தயச் சங்கம்) பரிசோதகரிடம் படிவத்தையும் பழைய எச்டிபியையும் வைத்து, சந்தேகமான ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்மொழி “பரவாயில்லை” ஸ்க்ரூட்டினி மேஜையில் செல்லாது. என்ஜின் தலை திறந்திருக்கும்போதே போர், ஸ்ட்ரோக், வால்வு அளவுகளை வெர்னியர் தெரியும்படி படமெடுத்து வையுங்கள். விண்ணப்பத்தோடு என்ஜின் இரு பக்கம், சஸ்பென்ஷன், உள்ளறை, ரோல் கேஜ் எனப் படங்கள் வேண்டும், மூடிய பிறகு மறுபடி பிரிப்பது பணம். பரிசோதனை, திருத்தம், ஒப்புதல் என்று மாதக்கணக்கில் ஆகும், அதனால் இந்தப் பருவத்துக்கு நுழைவுக் கட்டணம் கட்டாதீர்கள்.

டயரும் பீரியடுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். பீரியட் எஃப் டூரிங் கார்களில் வழக்கமாகப் பார்ப்பது டன்லப் சிஆர்65. ஸ்லிக்கும் புதுக்கால அகல டயரும் கிடையாது.

பாதுகாப்புச் சாமான்களை விலைப் பேச்சில் பூஜ்யமாகப் போடுங்கள். சீட், பெல்ட், தீயணைப்பான் எல்லாவற்றின் லேபிளிலும் தேதி இருக்கும். எஃப்டி3-1999 தரப் பெட்ரோல் டேங்க் இருந்தால் தயாரித்த நாளிலிருந்து 5 ஆண்டு, தயாரிப்பாளர் பரிசோதித்து நீட்டினால் இன்னும் 2. 2013-இல் ஓடிய காரில் அப்போதைய சாமான்களே இருந்தால் ஒன்றுகூடத் தேறாது.

---

லிப்ரெட்டோ:

ஒரு விடுபடல்: எச்டிபி தாளின் அசலையும் கேட்டு வாங்குங்கள், நகல் போதாது. காலாவதியானாலும் புது விண்ணப்பத்தோடு பழைய அசலைக் கொடுத்தால் ஏஎஸ்என் பழைய கோப்பைத் தேடி எடுப்பது எளிது. பிஆர்ஏ சாற்றை அட்வான்ஸுக்கு முன் எடுங்கள், பின் அல்ல; காரின் மேல் கடன் பதிவு ஏதும் இருந்தால் அதில்தான் தெரியும்.